தெருக்கஞ்சி

எல்லம்மாள் வீட்டு வாசலில் இருந்த சட்டி ஈரமாக இருந்தது. அபிகாயில் கஞ்சி வாளியை இறக்கி வைத்துவிட்டு அதையே பார்த்தாள். யாரோ இப்போதுதான் கழுவி வைத்த சட்டி. காலையில் எல்லம்மாளைப் பாயோடு சுருட்டி நந்தியாற்றங்கரைக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். அந்த வீட்டில் அவள்தான் கடைசி உயிர்.

வீடு தப்போ என்று தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதே வீடுதான்.

மிஷன் கஞ்சியை வாங்க நெசவாளர் தெரு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. கிறித்தவப் பெண் படியேறக் கூடாது, பாத்திரத்தைத் தொடக் கூடாது. சட்டி வெளியே இருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். உயரத்திலிருந்து ஊற்றிவிட்டு நகர வேண்டும். உபதேசியார் ஞானப்பிரகாசமும் அதையேதான் சொன்னார்: "சட்டி இருந்தா ஊத்தும்மா. யாரு என்னன்னு கேட்டுகினு நிக்காத."

நேற்று இதே கதவிடுக்கிலிருந்து எல்லம்மாள் இருமிக்கொண்டே சிரித்தாள். "உம் புருசன் யுத்தத்துலேர்ந்து இன்னா சம்பாரிச்சிகினு வந்தான்? காய்ச்சலு. ஊருக்கே பங்கு போட்டுட்டாண்டி, தருமப்பிரபு!"

அவள் புருஷன் காலேப், பஸ்ராவிலிருந்து கப்பலேறி, அரக்கோணத்தில் ரயில் மாறி வந்து இறங்கிய வாரத்தில்தான் இங்கே முதல் சாவு விழுந்தது. அவன் மட்டும் இன்னும் சாகவில்லை. உதடுதான் நாவல்பழ நிறத்துக்குப் போய்விட்டது. "இன்னிக்கு ஒரு வாய் கஞ்சி உள்ள தங்கிச்சின்னா பொழச்சிக்குவான்" என்றிருந்தார் கம்பவுண்டர். அவன் பங்கும் இந்த வாளியில்தான் இருந்தது.

அவள் ஊற்றினாள்.

தறிச்சத்தம் நின்றுபோன தெருவில் பாவு நூலுக்குப் போடும் பசையின் புளித்த வாடையும் வேப்பிலைப் புகையும் தரையோடு படிந்து கிடக்க, மலைக்கோயிலில் இன்னும் விளக்கு ஏற்றாத அந்த மங்கலில், அவளுக்குப் பின்னால் கல்லில் மண்சட்டி உரசுகிற மெல்லிய ஓசை கேட்டது. திரும்பினாள். வாசலில் சட்டி இல்லை. கதவு மூடியபடியே இருந்தது.

அடுத்தது கஜபதி வீடு. அந்தக் குடும்பம் போன வாரமே முடிந்துபோனது. வாசலில் சட்டி இருந்தது. ஈரமாக. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. ஊற்றாமல் போகக் காலுக்குத் தைரியமில்லை. ஒவ்வொரு முறையும் முதுகுக்குப் பின்னால் அந்த உரசல். அவள் திரும்பவில்லை. வாளி லேசாகிக்கொண்டே வந்தது.

கடைசி வீட்டின் முன் ஒரே ஒரு கரண்டிக் கஞ்சிதான் மிஞ்சியிருந்தது. வாளியை முந்தானையால் மூடி மார்போடு அணைத்துக்கொண்டு, சட்டியைத் தாண்டி நடந்தாள்.

"இன்னாடி, எங்க பங்கு?"

எல்லம்மாளின் குரல். இருமல் இல்லை.

"என் வூட்டுக்காரருக்குங்க. இதான் கடைசி."

"அவனுக்கு நாங்க ஊத்திக்கிறோம். நீ குடுத்துட்டுப் போ."

ஓடினாள். கஞ்சி தளும்பி வயிற்றில் வழிந்தது. பின்னால் காலடிகள் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பின்னால் யாருமே இல்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. சாத்திவிட்டுத்தான் போனாள். சாத்தினேனா? சாத்தினேன்.

உள்ளே விளக்கு. பசை வாடை.

சுவரோரம் கஜபதி. அவன் மனைவி. அவர்களுக்குப் பின்னால் தெரு முழுவதும். ஆளுக்கொரு சட்டி.

காலேப்பின் தலை எல்லம்மாளின் மடியில் இருந்தது. தாடையை ஒரு கையால் பிரித்துப் பிடித்து, சட்டி உதட்டில் படாமல், உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"குடி சாமி. எல்லாம் உன் பங்குதான்."

அவன் வாய் விளிம்புவரை வெள்ளையாக நிறைந்திருந்தது. கண்கள் அபிகாயிலையே பார்த்தன. கஞ்சியின் நடுவில் ஒரு குமிழி எழுந்து, உடையாமல் நின்றது.

கஜபதி தன் சட்டியோடு முன்னால் வந்தான்.