யாரும் கை வைக்காத கிண்ணம்

சித்தப்பா குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை மூன்றாவது முறையாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

தாழ்ப்பாளில் ஒரு கோளாறும் இல்லை. காலையில்தான் துருவி அதைப் போட்டுத் திறந்திருந்தாள். ஒரு சத்தம்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"சித்தப்பா, அது நல்லாத்தானே இருக்கு? ஏன் கழட்டறீங்க?"

"லேசா ஆடுது கண்ணு."

"எங்க ஆடுது? காட்டுங்க."

சித்தப்பா ஆட்டிப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை. "இப்ப எப்படி ஆடும்? அதான் நான் சரி பண்ணிட்டேனே" என்றார் சித்தப்பா, கொஞ்சமும் அசராமல்.

துருவிக்குப் பத்து வயது. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததே சித்தப்பாதான். அவர் வேறு ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒவ்வொரு விடுமுறைக்கும் தன் அண்ணனான துருவியின் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார். வந்தால் வீடு ரெண்டுபடும்.

ஆனால் இந்தத் தடவை வந்ததிலிருந்து வீடு அமைதியாகவே இருந்தது. கூடத்தில் அப்பாவும் துருவியின் அண்ணனும் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மேசைமேல் மூடி போட்ட ஒரு குட்டிக் கிண்ணம் இருந்தது. அதில் பத்துப் பாதாம்பருப்பு. அது சித்தப்பாவுக்கு மட்டும்.

போன வருடம் டாக்டர் சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லிவிட்டார். துருவியின் அம்மா நர்ஸ். அன்றிலிருந்து சித்தப்பாவுக்கு என்று பார்த்துப் பார்த்துத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைக்கிறாள். சித்தப்பாவும் "தேங்க்ஸ் அண்ணி" என்று வாங்கி வைத்துவிட்டு, ஏதாவது ஒரு தாழ்ப்பாளைத் தேடிப் போய்விடுகிறார்.

"சித்தப்பா, உங்களுக்குப் பாதாம் பிடிக்காதா?"

"பிடிக்குமே."

"அப்புறம் ஏன் அந்தக் கிண்ணத்தைத் தொடவே மாட்டேங்கறீங்க?"

சித்தப்பா திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அதுல யாரும் கை வைக்க மாட்டேங்கறாங்களே, கண்ணு" என்றார். "முன்னெல்லாம் என் கையில இருக்கறதப் பிடுங்க உங்கண்ணன் என் தோள் மேலயே ஏறுவான். இப்ப என் கிண்ணத்தைப் பாத்தா மருந்துப் பெட்டியைப் பாத்த மாதிரி ஒதுங்கிப் போறான். தனியா உக்காந்து எண்ணி எண்ணிக் கொறிச்சா தொண்டையில இறங்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு துருவிக்குப் பிடிக்கவே இல்லை. அவளுக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

மறுநாள் மாலைதான் பெரிய தட்டு. அந்த வீட்டில் விடுமுறையின் முதல் மாலை அப்படித்தான் தொடங்கும். கூடத்தின் நடுவில் ஒரு பெரிய தட்டு நிறைய தின்பண்டம். எல்லோரும் சுற்றி உட்கார வேண்டும். பங்கு பிரிப்பது கிடையாது, யார் கை முந்துகிறதோ அவருக்கு. போன வருடம் அந்தத் தட்டு காலியாகிற நேரத்தில் சித்தப்பா மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயைச் சரி செய்துகொண்டிருந்தார்.

இந்த வருடமும் அப்படி ஆகக் கூடாது. அன்று தூங்கப் போகும்முன் துருவி முடிவு செய்துவிட்டாள்.

காலையில் அப்பாவும் சித்தப்பாவும் முடிவெட்டிக்கொண்டு, கடைவீதிக்கும் போய்விட்டுச் சாயங்காலம் வருவதாகக் கிளம்பினார்கள். அவர்கள் தெருமுனையைத் தாண்டியதுமே துருவி அடுக்களைக்குள் புகுந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா பாதி நறுக்கிய வெங்காயத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். "அவருக்குனு தனியா வெச்சா அக்கறைனு நெனச்சேன். இது எனக்குத் தோணவே இல்லையே."

"இன்னைக்குத் தட்டுல ஒரே ஒரு பண்டம்தாம்மா இருக்கணும். இனிப்பா இருக்கணும், மொறுமொறுன்னு இருக்கணும், அது சித்தப்பாவும் சாப்பிடறதா இருக்கணும். முக்கியமா, அண்ணன் அதைத் திருடணும்."

"திருடணுமா?"

"அவன் திருடினாத்தான் நல்லா இருக்குனு அர்த்தம். அவன் திருடாததை சித்தப்பாவுக்குக் குடுத்தா, அது மறுபடியும் பத்துப் பாதாம்தான்."

அம்மாவுக்கு அதை மறுக்க முடியவில்லை. ஆனாலும் அவளுக்கு உள்ளுக்குள் கவலைதான். "சரியா வரலேன்னா சாயங்காலம் எல்லாருக்கும் வெறும் தட்டுதான், தெரியுமில்ல?"

"தெரியும்மா."

துருவி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து 'சோதனை 1' என்று எழுதினாள். பாதாம், வால்நட், பூசணி விதை, காய்ந்த தேங்காய்ச் சீவல். எல்லாவற்றிலும் ஒரே ஒரு கைப்பிடி. கெட்டுப்போனாலும் நஷ்டம் குறைவாக இருக்குமே. பிறகு தேன் பாட்டிலை எடுத்தாள்.

"ஏய், அது வேண்டாம்" என்றாள் அம்மா.

"இது சர்க்கரை இல்லையேம்மா, தேன்!"

"உன் நாக்குக்குத்தான் வேற வேற. உள்ள போயிட்டா ரத்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"ரத்தத்துக்கு எப்படித் தெரியும்?"

"அதை அப்புறம் சொல்றேன். இப்ப இதை எடு." சித்தப்பா டீயில் போட்டுக்கொள்ளும் சீனித்துளசிப் பொடியை அம்மா நீட்டினாள். அது ஒரு செடியின் இலையிலிருந்து எடுப்பது. சர்க்கரை இல்லை, ஆனாலும் தித்திக்கும்.

இனிப்பு தூக்கலாக இருக்கட்டும் என்று துருவி ஒரு ஸ்பூன் குவித்துப் போட்டாள். முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, பட்டைப் பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, பருப்புகளை அதில் புரட்டினாள். அம்மா ஓவனில் வைத்து எடுத்தாள். துருவி சுடச்சுட ஒன்றை வாயில் போட்டாள். முதலில் தித்தித்தது. அப்புறம் கசந்தது. அப்புறம் கசந்துகொண்டே இருந்தது. ரெண்டு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகும் போகவில்லை.

அண்ணன் எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பதினான்கு வயது. அடுக்களையில் ஒரு டப்பா திறந்தால் மாடியிலிருந்தே அவனுக்குத் தெரிந்துவிடும். "என்ன பண்றே?"

"தின்பண்டம். நீ வேணும்னா திருடிக்கோ, நான் திரும்பி நிக்கறேன்."

அண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "பெர்மிஷன் குடுத்தா அது திருட்டா? எனக்கு மூடே போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சோதனை 2-இல் பொடியை ஒரு சிட்டிகையாகக் குறைத்தாள். கசப்பு போய்விட்டது, இனிப்பு அளவாக இருந்தது. ஆனால் கடித்தால் நமத்துப்போனதுபோல மெத்தென்று இருந்தது. மொறுமொறுப்பு மருந்துக்கும் இல்லை.

"இன்னும் வேகலைம்மா. திரும்ப வைங்க."

அம்மா திரும்ப வைத்தாள். எடுத்துக் கடித்தால் அப்போதும் மெத்தென்றுதான் இருந்தது. இன்னொரு தடவை வைத்தார்கள். இந்த முறை அடுக்களை முழுவதும் புகை நாற்றம். தட்டில் இருந்தவை கரிக்கட்டை நிறத்தில் இருந்தன. "இதை வெச்சுப் படம் வரையலாம்" என்று அண்ணன் கூடத்திலிருந்தே சொன்னான்.

சோதனை 3-உம் எடுத்தவுடன் மெத்தென்றுதான் இருந்தது. கருகிவிடும் என்ற பயத்தில் துருவி அதைத் திரும்ப வைக்கச் சொல்லவில்லை. தட்டை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு வராதும்மா இதெல்லாம்."

"முதல்ல சாப்பிடு. பசியோட யோசிச்சா எல்லாமே கருகித்தான் போகும்."

அவள் சோற்றைப் பிசைந்தாளே தவிர, நினைப்பெல்லாம் ஜன்னல் பக்கம்தான். ஓவனில் அதிக நேரம் வைத்தால் கருகுகிறது. குறைத்தால் மெத்தென்று இருக்கிறது. நடுவில் எங்கேதான் இருக்கிறது அந்த மொறுமொறுப்பு?

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் தட்டில் பாதியைக் காணோம்.

"அம்மா, நீங்க எடுத்தீங்களா?"

"நான் உன்கூடத்தானே உக்காந்திருந்தேன்."

துருவி மாடிப்படி ஏறினாள். அண்ணன் ரொம்ப அக்கறையாக ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். புத்தகம் தலைகீழாக இருந்தது. மேலுதட்டில் பட்டைப் பொடி மீசை.

"திருடினியா?"

"நான் ஏன் திருடறேன்?" என்றான் அவன். வாய்க்குள் நொறுக் என்று சத்தம் கேட்டது.

அவ்வளவுதான். துருவி குதித்த குதியில் கீழே அம்மா பயந்துபோய்விட்டாள். தன் பொருள் களவு போனதற்கு இப்படிக் கொண்டாடிய ஒருத்தியை அண்ணன் அதுவரை பார்த்ததில்லை. "ஏய், உனக்கு என்ன ஆச்சு?" என்று அவனே கவலைப்பட்டான்.

அவள் அதற்குள் ஜன்னல் அருகில் இருந்தாள். மிச்சம் இருந்ததில் ஒன்றைக் கடித்தாள். நொறுக்! சாப்பாட்டுக்கு முன்னால் மெத்தென்று இருந்த அதே பருப்புதான். நடுவில் யாரும் அதை ஓவனில் வைக்கவில்லை. யாரும் எதையும் சேர்க்கவில்லை. பிறகு எப்படி?

"சும்மாதானேம்மா இருந்துச்சு? வேற ஒண்ணுமே நடக்கலையே!"

"ஒண்ணுமேவா நடக்கல?" என்றாள் அம்மா.

துருவி தட்டைத் தொட்டுப் பார்த்தாள். தட்டு ஜில்லென்று இருந்தது. "ஆறிப்போச்சு!"

இருந்தாலும் தோன்றியதை அப்படியே நம்பிவிடுகிற ஆள் இல்லை அவள். நான்காவதாக ஒரு கைப்பிடி செய்து, கடிகாரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். எடுத்தவுடன் ஒன்றைக் கடித்தாள்: மெத்து. ஐந்து நிமிடம் கழித்து: மெத்துதான். பத்து நிமிடம்: லேசாக இறுகியிருந்தது. இருபது நிமிடம்: நொறுக்! எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். இத்தனை நேரமும் சுடச்சுடக் கடித்துப் பார்த்ததுதான் தப்பு. ஆறுகிறவரை பொறுத்திருந்தால் ரெண்டாவது சோதனையே ஜெயித்திருக்கும்.

"அப்ப நான் கருக்கினது வீண்தானேம்மா?"

"கருக்கலேன்னா மூணாவதை ஜன்னல்ல விட்டிருப்பியா?" என்றாள் அம்மா. பிறகு ஓவனின் பெரிய தட்டை எடுத்தாள். ரெண்டு பேருமாகச் சேர்ந்து வீட்டிலிருந்த அத்தனை பருப்பையும் புரட்டினார்கள்.

மாலை வந்தது. கூடத்தின் நடுவில் பெரிய தட்டு வந்தது. பருப்பும் விதையும் சீவலுமாக ஒட்டிக்கொண்டு, பொன்னிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகள். மேசைமேல் குட்டிக் கிண்ணம் இல்லை.

துருவி இது யாருக்காகச் செய்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவையும் சொல்ல விடவில்லை. 'சித்தப்பாவுக்காக' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள்.

ஆனால் தட்டைக் கண்டதும் சித்தப்பா, புது முடிவெட்டோடு, மெதுவாக எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "இந்தக் கொக்கி சரியா மாட்டலயே" என்று முணுமுணுத்தார். துருவி பார்த்துக்கொண்டே இருந்தாள். கூப்பிடலாமா? கூப்பிட்டால் சந்தேகம் வருமே? அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா ஒன்றை எடுத்தார். நொறுக். அண்ணன் மூன்றை எடுத்தான். நொறுக், நொறுக், நொறுக்.

"டேய், ஒவ்வொண்ணா எடுடா!" என்று அப்பா அதட்டினார். அதட்டிக்கொண்டே அவரும் ரெண்டாக எடுத்தார்.

ஜன்னலருகே கொக்கியைத் திருகிய கை நின்றது.

"என்னடா அது, இந்தச் சத்தம் போடுது?" என்றார் சித்தப்பா.

"தெரியல சித்தப்பா" என்றான் அண்ணன், வாய் நிறைய வைத்துக்கொண்டு. "ஆனா நீங்க இப்படியே நின்னா உங்களுக்கு மிச்சம் வெக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"எனக்கா?" சித்தப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். "நான் சாப்பிடலாமா, அண்ணி?"

"சர்க்கரை போடல, தம்பி. வெறும் பருப்பும் விதையும்தான். ஒரு கைப்பிடி வரைக்கும் நீங்க தாராளமா..."

அம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. சித்தப்பா ரெண்டே எட்டில் கூடத்தைத் தாண்டி, அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தார். முதல் கட்டியைக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ரெண்டாவதைக் கடித்தார். மூன்றாவதற்குக் கை நீட்டும்போது அப்பா தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சித்தப்பா எதிர்ப்பக்கம் இழுத்து அந்த மூன்றாவதையும் வாயில் போட்டுக்கொண்டார். அம்மாகூட நடுவில் கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். கடைசிக் கட்டி சித்தப்பாவின் கைக்குத்தான் வந்தது. ஆனால் வாய்க்குப் போவதற்குள் அண்ணன் அவர் தோள்மேல் ஏறி, அதைப் பிடுங்கி, தன் வாயில் போட்டுக்கொண்டான்.

"அநியாயம்! இந்த வீட்டுல நியாயமே கிடையாதா?" சித்தப்பா போட்ட கூச்சல் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

துருவி அவர் அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு எத்தனை கிடைச்சுது, சித்தப்பா?"

"மூணு! மொத்தமே மூணு!"

"போதுமா?"

"எங்க போதும்? பத்தவே இல்ல கண்ணு, பத்தவே இல்ல!" என்றார் சித்தப்பா. சொல்லும்போது அவர் முகமெல்லாம் பல்லாக இருந்தது.