சாய்ந்த கோடு

காலையில் செல்வனின் இடுப்பில் கிடந்த சிவந்த கோடு, மத்தியானக் கஞ்சி நேரத்துக்குள் தொப்புளுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. வெளியே ரப்பர் மரங்களில் மழை ஒழுகிக்கொண்டிருக்க, அடுக்களைக் கொடியில் காயும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடைக்கும் அவன் மூச்சின் விசிலுக்கும் நடுவில், தங்கபாய் புருஷனின் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். மரத்தில் அவன் போடுகிற வெட்டு மாதிரியே சாய்ந்த கோடு.

"என்னட்டி பாக்க? எவனோ என்னை வெட்டியிருக்கான். ஒரு சிரட்டையக் கெட்டு, பால் வரும்."

"சும்மா கெடயுங்க."

சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. துப்பியதில் ரத்தம்.

சரிவில் வழுக்கும் என்று செருப்பே போடாமல் பால்வெட்டுகிறவன். மூச்சிழுப்பு வந்து படுத்தால் மரங்களை முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அதனால் டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிய மாத்திரையை, காலி அட்டையைக் காட்டிக் காட்டி மெடிக்கலில் போன கிறிஸ்துமஸிலிருந்து வாங்கிவந்தது தங்கபாய்தான். அவன் முகம் உப்பியது. செல்வன் தேறிவிட்டான் என்றார்கள் சபையில். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்த டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"மண்ணுல உள்ள புழும்மா. பாதம் வழியா ஏறும். வயித்துல தோலுக்கு அடியில ஓடுத அந்தச் செவந்த கோடும் அதுதான். மரத்த வெட்டினா பால் விட்டுக் காயத்த மூடும்லா? குடலும் சும்மா இருக்காது. புழு வந்தா உள்தோல் கண்டுபிடிச்சு சத்தம் போடும். உடம்பு ஆள அனுப்பும். சளி சுரந்து புழுவ வெளிய தள்ளும். அவரு மொகத்த உப்ப வச்ச இழுப்பு மாத்திரை அந்த ஆளுகள உறங்க வச்சிட்டு. குடல் கூப்பிட்டுட்டே இருந்திருக்கு. யாரும் வரல. புழு பெருகி நுரையீரலுக்கு வந்தாச்சு. யாரு இவ்வளவு நாள் குடுத்தது?"

தங்கபாய் பையை இறுக்கிப் பிடித்தாள். உள்ளே அட்டை நொறுங்கியது.

கட்டிலில் அவன் கை நீட்டினான். "மாத்திரை கொண்டு வந்தியாட்டி? தா. மூச்சு முட்டுது."

"இல்ல."

"வாங்கிட்டு வா மக்கா. நீ குடுத்தாத்தான் எனக்குக் கேக்கும்."

சாயங்காலம் விசில் நின்றது.

நர்ஸ் குழாயைக் கழற்றினாள். போனாள். ஜன்னலில் மழை.

"என்னங்க."

காய்ப்பேறிய கை. சூடு இன்னும் இருந்தது.

"என்னங்க."

கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

துணி விலகிய வயிற்றில் கோடு. தொப்புளைத் தாண்டியிருந்தது. நெஞ்சைப் பார்த்து. சாய்வாக.

அதன் முன்னால் விரலை வைத்து அழுத்தினாள்.

விரலுக்கு அடியில், மெல்ல, தோல் அசைந்தது.