யார் மேலயும் ஒட்டாத ஒயர்

ஒயர் யார் மேலயும் ஒட்டலை. மேசை ஓரத்துல சும்மா தொங்குது. ஆனா திரையில கோடு துடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

ஆஸ்பத்திரி ரிப்பேர் ரூம்ல மெக்கானிக்குக்கு மத்தியானத்துல இருந்து இதே ரோதனை. தாறுமாறா துடிக்கிற இதயத்தை ஷாக் குடுத்து ஒரு நொடி நிறுத்துற மெஷின் ரெண்டு. நின்னா, அதுவா ஒழுங்கா ஆரம்பிக்கும். பழைய மெஷின்ல கரண்ட் ஒரே பக்கமா பாயும், அதனால நிறைய வேணும், இதயம் அடிவாங்கி எழுந்திரிக்க நேரமாகும். புதுசுல போன கரண்ட் அப்படியே திரும்பி வரும், கொஞ்சமே போதும். ரெண்டுலயும் அதே கோடு. ஒயரை மாத்தினான், பேட்டரியைக் கழட்டி மாட்டினான், கருகின தூசி வாசனையும் ஸ்பிரிட் நெடியும் தொண்டையில ஒட்ட, மேல ஃபேன் கிறீச் கிறீச்னு உயிரை வாங்க, கோடு மட்டும் நிக்கலை.

வார்டு நர்ஸ் எட்டிப் பார்த்தா. "ஸ்க்ரூ அண்ணே, மெஷின் ஆச்சா?"

"ஆயிருந்தா எதுக்கும்மா இதோட சண்டை போடுறேன்?"

"கல்யாணம் பண்ணியிருந்தா வீட்லயே போட்டிருக்கலாம்."

"போம்மா அங்கிட்டு."

கெட்டுப்போன மெஷின்ல செவப்பு அட்டை கட்டணும். கட்டினதை யாரும் தொடமாட்டாங்க. புதுசுல கட்டினான். பழசுக்குக் கட்டுறப்ப நூல் சிக்கிடுச்சு. சனியனேன்னு அட்டையை வீசிட்டு டீ குடிக்கப் போனான்.

திரும்பி வந்தா பழசைக் காணோம். அட்டை இல்லாததைப் பார்த்து நர்ஸ் தூக்கிட்டுப் போயிருக்கா. கோவம் சுர்ருனு ஏறுச்சு. புதுசோட திரையில கோடும் வேகமா ஏறுச்சு.

மூச்சை இழுத்து விட்டான். கோடு நிதானமாச்சு.

மணிக்கட்டுல விரலை வச்சான். கோடு நிமிர்றப்ப விரலுக்கடியில ஒரு தட்டு. ஒவ்வொரு தடவையும்.

ச்சே, பைத்தியமா எனக்குன்னு, புதுசோட ஷாக்கை, ஆளுக்குப் பதிலா வாங்கிக்கிற டெஸ்ட் பெட்டியில விட்டான். நெஞ்சுக்குள்ள யாரோ எத்தின மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒண்ணுமில்லை. சத்தமே இல்லை. கண்ணு இருட்டுச்சு. தொப்புனு ஒரு துடிப்பு. திரும்பி வந்துடுச்சு.

இது திரும்பி வர்ற கரண்ட்.

பழசுல திரும்பாது.

வார்டுக்கு போன் போட்டான். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நர்ஸ் எடுத்தா.

"அந்த மெஷின் வேணாம்மா, கீழ வை."

"அண்ணே, இங்க ஒருத்தர் போயிட்டிருக்காரு. அப்புறம் திட்டுங்க."

"வேணாம்மா. கேளு..."

ரிசீவரை எங்கயோ வச்சுட்டா. வச்சதுக்குப் பின்னாடி அந்த ஊளை. சார்ஜ் ஏறுற ஊளை. எத்தனை வருஷமா கேட்ட சத்தம். இப்ப விலா எலும்புக்குள்ள கேட்டுச்சு.

"எல்லாரும் தள்ளுங்க."

டப்.

புதுசுல கோடு படுத்துடுச்சு.

"வந்துடுச்சு," போன்ல நர்ஸ் சிரிக்கிறா. "ஸ்க்ரூ அண்ணே, நல்லாத்தானே வேலை செய்யுது? மனுஷனுக்கு பல்ஸ் எப்படி அடிக்குது தெரியுமா, இரும்பு மாதிரி."

அவன் நின்னுட்டே இருந்தான். காதுல போன். கழுத்துல ரெண்டு விரல். இந்தப் பக்கம் அழுத்தினான். அந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம் ஆழமா.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"