வளைவில் இறங்கி நட

வாடகை வீட்டில் சாமான்களை இறக்கி முடித்த மாலையில் இளையவள் வாசலில் நின்று தெருவை அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவு செங்குத்தான தெரு. இரண்டு பக்கமும் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. பாதி வழியில் பாசி படிந்த உயரமான சுவர் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் தெரு வலப்பக்கம் சட்டென்று ஒடிந்து, கண்ணுக்கு மறைந்து, பிறகு உச்சியில்தான் மறுபடி தெரிந்தது. உச்சியில் வெள்ளையடித்த வீடு, அக்காவின் வீடு.

"எங்க குடி வந்தாலும் இவ என் தலைக்கு மேலதான் இருப்பா."

கட்டிலின் கால்களை முடுக்கிக்கொண்டிருந்த கணவர் சிரித்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "தெருவுக்கு ஒரு லிஃப்ட் போட்டுடலாம். கவலைப்படாத."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கும் அவளுக்கும் இரண்டே வயது வித்தியாசம். ஆனால் அந்த இரண்டு வருடத்தை நாற்பத்து மூன்று வருடமாக அவளால் தாண்ட முடியவில்லை. அக்கா போட்டுச் சலித்த பாவாடை, அக்கா படித்து மடக்கிய புத்தகம், கடைசியில் அக்கா வேண்டாமென்று சொன்ன சோபா வரைக்கும் இவளுக்குத்தான் வந்து சேர்ந்தது. அக்கா இன்னும் கொடி மாதிரி இருந்தாள். இவளைச் சின்ன வயதில் 'குண்டு' என்று கூப்பிட்டதை அவள் மட்டும் நிறுத்தவேயில்லை.

இளையவள் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவள். ஒருநாள் அங்கிருந்த டாக்டரே அவளை உட்காரவைத்துச் சொன்னார். "ஊர்ல இருக்கறவங்க எலும்பையெல்லாம் பார்க்கறீங்க. உங்க உடம்பையும் கொஞ்சம் பாருங்கம்மா. சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது. தினமும் மூச்சு வாங்கற மாதிரி அரை மணி நேரம் ஏதாவது செய்யுங்க."

அப்படித்தான் சைக்கிள் வந்தது. கியர் வைத்த பழைய சைக்கிள். கிளினிக்கின் பின்புறம் வண்டி நிறுத்தும் இடத்தில் கணவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன், நீ மிதி." பத்தாவது நாள் அவர் கையை விட்டுவிட்டதே தெரியாமல் அவள் இரண்டு சுற்று சுற்றிவிட்டாள். மறுவாரம் தெருவில் ஏற ஆரம்பித்தாள்.

முதல் நாள் நான்கு வீடு. அடுத்த வாரம் பத்து வீடு. அதற்குமேல் தொடை தீப்பிடித்தது, முன்சக்கரம் குதிரை மாதிரி எழும்பியது. உச்சியில் ஜன்னலைத் திறந்து அக்கா கத்தினாள். "குண்டு, கீழ போறதுன்னா மிதிக்கவே வேணாம். உருண்டா போதும்."

அன்று இளையவள் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் அரை மணி முன்னதாகவே கிளம்பிவிட்டாள்.

ஐந்தாவது வாரம், பனி விலகாத காலையில், முதன்முறையாக அந்தப் பாசிச் சுவர் வரை நிற்காமல் வந்துவிட்டாள். இன்னும் பத்து மிதி மிதித்தால் வளைவைத் தாண்டிவிடலாம்.

சைக்கிள் கனத்தது.

மேட்டின் கனம் அவளுக்குப் பழக்கம். அது முழங்காலில் தெரியும். இந்தக் கனம் முதுகில் தெரிந்தது. ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்தது போன்ற வாடை வந்தது. பிறகு மூச்சுச் சத்தம். இழுக்கும்போது விசில் அடிப்பதுபோலக் கீச்சிட்டு, விடும்போது அறுந்து அறுந்து வெளியே வரும் மூச்சு.

தன் மூச்சுதான் என்று நினைத்து, அதை அடக்கிப் பார்த்தாள்.

அந்தச் சத்தம் நிற்கவில்லை.

காலை ஊன்றி இறங்கினாள். வாடை போய்விட்டது. தெருவில் யாருமில்லை. சுவரில் நீர் கசிந்துகொண்டிருந்தது.

அன்று மாலை சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்காரரைத் தெருவே 'ஸ்போக்ஸ்' என்றுதான் கூப்பிட்டது, அவ்வளவு ஒல்லி. பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"சக்கரத்துல ஒண்ணும் இல்லம்மா. எந்த இடத்துல கனக்குது?"

"அந்தச் சுவர்கிட்ட."

அவர் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முன்னாடி ரெண்டு பொம்பளைங்க தினமும் உடம்பு இளைக்கணும்னு சைக்கிள்ல சேர்ந்து ஏறுவாங்கம்மா. ஒருத்தி சரசரன்னு ஏறிடுவா. இன்னொருத்தியால அந்த வளைவைத் தாண்டவே முடியல. ஒருநாள் வளைவுலயே நெஞ்சு அடைச்சு விழுந்துட்டா. மேல போனவ, இவ ஏறி வந்துட்டிருக்கான்னு நெனச்சு, உச்சியில நின்னு கை தட்டிக்கிட்டே இருந்தாளாம். விழுந்தவ அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கிட்டேதான் உயிரை விட்டிருக்கா."

"நான் என்ன செய்யணும்?"

"மொதல்ல கனக்கும். அப்பவே இறங்கிடுங்க. இறங்கித் தள்ளிட்டுப் போறவங்களை அது ஒண்ணும் பண்றதில்ல. வீம்புக்கு மிதிக்காதீங்க. மிதிச்சுத் தாண்டறவங்களைத்தான் அதுக்குப் பிடிக்காது."

அவள் அப்படியே செய்தாள். சுவர் வந்ததும் இறங்குவாள், இருபது அடி தள்ளுவாள், மறுபடி ஏறி உச்சி வரை மிதிப்பாள். அக்கா வீட்டு வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்புவாள். மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்தது. கிளினிக்கில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வாழ்க்கையில் முதன்முறையாக அக்காவிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

பிறகு அக்கா சைக்கிள் வாங்கினாள்.

புத்தம் புதுசு. சிவப்பு நிறம். மூன்றாவது நாளே அடிவாரத்திலிருந்து உச்சி வரை கால் ஊன்றாமல் ஏறிவிட்டாள். தெருவே பேசியது. பால் போடுகிறவர், எதிர்வீட்டு டைப்பிஸ்ட் என்று எல்லோரும் இளையவளிடமே வந்து சொன்னார்கள். அன்று கணவரும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உங்க அக்கா ஒரே மூச்சுல ஏறிட்டாங்களாமே" என்றார்.

"ஏறட்டும்."

"நீ ஏன் அந்த வளைவுல இறங்கித் தள்ற? உன்னாலயும் முடியுமே."

அவள் அடுப்படியில் நின்று, கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள். அந்த இரண்டு வருடம் மறுபடி அவளுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவே வந்தாள். இவர்கள் வீட்டுக்கு அவள் வருவது அபூர்வம். தண்ணீர் குடித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"குண்டு, அந்தச் சுவர்கிட்ட வந்தா உனக்கு வண்டி கனக்குதா?"

"ஏன்?"

"மொத நாள் ஒண்ணுமில்ல. ரெண்டு நாளா யாரோ பின்னாலேர்ந்து இழுக்கற மாதிரி இருக்கு. ஒரு வாடை வேற. நீ இத்தனை நாளா போறியே, தெரியுமேன்னு கேட்டேன்."

சொல்லியிருக்கலாம். இறங்கி நட அக்கா, அவ்வளவுதான். மூன்றே வார்த்தை.

"புது வண்டியில செயின் இறுக்கமா இருக்கும்" என்றாள் இளையவள். "கனக்கற இடத்துல விட்டுடாத. எழுந்து நின்னு அழுத்தி மிதி."

மறுநாள் காலை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. இளையவள் சுவருக்குச் சற்றுக் கீழே இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பின்னால் டயர் ஈரத்தில் உரசும் சத்தம் கேட்டது. அக்கா அவளைத் தாண்டிப் போனாள்.

"இன்னுமா தள்ளிக்கிட்டிருக்க?"

வளைவில் அக்கா சீட்டிலிருந்து எழுந்து நின்றாள். அழுத்தி மிதித்தாள்.

சைக்கிள் நின்றுவிட்டது.

அக்காவின் கால்கள் மிதித்துக்கொண்டே இருந்தன. செயின் ஓடியது. பின்சக்கரம் ஈரத்தை வாரி இறைத்துக்கொண்டு அதே இடத்தில் சுற்றியது. சைக்கிள் முன்னாலும் போகவில்லை, பக்கவாட்டில் சாயவும் இல்லை. கம்பத்தில் கட்டியதுபோல நின்றது.

இளையவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

அந்தக் கீச்சு மூச்சு கேட்டது. இம்முறை அது தன் பின்னால் இல்லை, அங்கே, அக்காவின் காதருகில்.

அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். இளையவளைப் பார்க்கவில்லை. தன் வலது தோளுக்குப் பின்னால், வெறும் காற்றில் எதையோ பார்த்தாள். அவள் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது.

பிறகு அந்தச் சைக்கிள் பின்னோக்கி வந்தது. உருண்டு வரவில்லை. இழுபட்டு வந்தது.

அக்கா சுவரடியில் விழுந்து கிடந்தாள், தோள் ஒருபக்கம் தொங்கியது. அத்தான் வெளியூரில் இருந்தார். கணவர்தான் அக்காவைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். கிளினிக்கில் அந்த நேரத்தில் எக்ஸ்ரே எடுக்க இளையவளைத் தவிர வேறு ஆள் இல்லை. அக்காவை முக்காலியில் உட்காரவைத்து, தோளை நேராக்கினாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மூச்சைப் பிடி. அசையாத."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் பொத்தானை அழுத்தினாள். திரையில் படம் வந்தது. கழுத்தடிக் காறை எலும்பு நடுவில் முறிந்து, இரண்டு முனையும் விலகி நின்றன. அவள் எதிர்பார்த்ததுதான்.

அதன்மேல் இருந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை.

நான்கு விரல் எலும்புகள்.

கணுக்கணுவாக, தெளிவாக, பின்பக்கத்திலிருந்து தோளைத் தாண்டி வந்து முறிந்த எலும்பின்மேல் மடங்கியிருந்தன. அக்காவின் இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அக்கா தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

"குண்டு." அக்காவின் குரல் அடியாழத்திலிருந்து வந்தது. "இன்னும் பிடிச்சிருக்கியா?"

"நான் இங்க இருக்கேன் அக்கா. கண்ணாடிக்குப் பின்னால."

"சரி."

மறுபடி பொத்தானை அழுத்தினாள். இரண்டாவது படத்தில் முறிவு மட்டும் இருந்தது.

உள்ளே போய் அக்காவின் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நீதான் பிடிச்சேன்னு நெனச்சேன்" என்றாள் அக்கா. "சின்ன வயசுல சண்டை வந்தா பின்னாலேர்ந்து தோளைப் பிடிச்சு இழுப்பியே, அதே பிடி."

"எனக்குத் தெரியும் அக்கா. அங்க என்ன இருக்குன்னு. இறங்கி நடக்கணும்னு. நீ கேட்டப்பவே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ மூணே நாள்ல ஏறிட்ட."

வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"தினமும் ஜன்னல்லேர்ந்து பார்ப்பேன்" என்றாள் அக்கா. "நீ தள்ளிக்கிட்டாவது வந்துடுவ. வாசலைத் தொட்டுட்டுப் போவ. உன் முகத்துல ஒரு சந்தோஷம் இருக்கும். எனக்கு வயிறு எரியும். வண்டி வாங்கினது உடம்புக்காகன்னா நெனச்ச?"

இருவரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். அதற்கு முன் அப்படி அவர்கள் சேர்ந்து அழுதது அப்பா போனபோதுதான்.

அக்காவின் எலும்பு கூட மூன்று மாதம் ஆனது. சிவப்புச் சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பழையதை இளையவள் ஸ்போக்ஸிடமே விட்டுவிட்டாள். இப்போது இருவரும் காலையில் சேர்ந்து நடக்கிறார்கள். 'குண்டு' என்ற வார்த்தை நின்றுபோய், 'அடியே' என்றாகிவிட்டது.

ஒருநாள் கடைக்குப் போய்விட்டு, கைக்கு ஒன்றாகப் பைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். கீழேயிருந்து மஞ்சள் சட்டை போட்ட ஓர் இளம்பெண் சைக்கிளில் வந்தாள். வியர்வைகூட இல்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அவர்களைத் தாண்டி, எழுந்து நின்று மிதித்து, வளைவை நோக்கிப் போனாள்.

அக்காவின் பேச்சு பாதியில் நின்றது. இளையவளின் அடிவயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் சின்னதாகப் பற்றிக்கொண்டது.

மஞ்சள் சட்டை வளைவில் தயங்கியது.

"இறங்கிடும்மா" என்று இம்முறை இளையவள் கத்திவிட்டாள். "இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ."

அந்தப் பெண் பயந்து காலை ஊன்றினாள். திரும்பிப் பார்த்து, சங்கடமாகச் சிரித்து, தோளைத் தேய்த்துக்கொண்டாள். "ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி. யாரோ பிடிச்ச மாதிரி இருந்துச்சு." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வளைவில் மறைந்தாள்.

இளையவள் பெருமூச்சு விட்டாள். அப்போதுதான் வலது உள்ளங்கையில் ஒரு சூடு தெரிந்தது. பையைக் கீழே வைத்து, கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. ஓர் இளம் தோளின் வெதுவெதுப்பு இன்னும் ஆறாமல் விரலிடுக்கில் நின்றது.

சொல்லலாமென்று அக்காவின் பக்கம் திரும்பினாள்.

அக்காவும் பையைக் கீழே வைத்துவிட்டு, தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.