உப்புத் துளி

செத்த அந்துப்பூச்சியின் வயிறு இப்படி உப்பியிருக்கக் கூடாது.

அருங்காட்சியகத்தில் பூச்சிகளை இனம் பிரிப்பதுதான் அவள் வேலை. சாம்பலும் மண்ணும் கலந்த நிறத்தில், ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் போலவே இருக்கும் இந்தக் கூட்டத்தை, இறக்கையில் இருக்கும் மங்கலான கறைகளையும் கோடுகளையும் வைத்துப் பிரித்துப் பிரித்தே அவள் கழுத்து தேய்ந்துபோயிருந்தது. ஆனால் இவை வீட்டுப் படுக்கையறைத் தரையில் செத்துக் கிடந்தவை. இரவு வேலை முடிந்து வந்த கணவன்தான் அள்ளிக் கொடுத்தான்.

"உன் சொந்தக்காரங்க வந்திருக்காங்க பாரு" என்று சிரித்துவிட்டு, கண்ணைக் கசக்கியபடி தூங்கப் போனான்.

சாப்பாட்டு மேசையில் மைக்ராஸ்கோப்பை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றின் இறக்கையில் அவரைவிதை போல ஒரு கறை; இன்னொன்றில் மெல்லிய வெள்ளிக்கோடு; மூன்றாவது செதில் உதிர்ந்து மொட்டையாக இருந்தது. எல்லாம் வெவ்வேறு இனம். பூந்தேன் குடிப்பவை. ஆனால் எல்லாவற்றின் உறிஞ்சுகுழல் நுனியிலும் தூண்டில் முள்ளைப் போலப் பொடி முட்கள்.

இடுக்கியால் ஒரு வயிற்றை அழுத்தினாள். தெளிந்த நீர் ஒரு சொட்டு விழுந்தது. காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளையாக உப்பு பூத்தது.

தூங்கும் மாட்டின் இமைக்கடியில் குழலைச் செருகிக் கண்ணீர் குடிக்கும் பூச்சிகளைப் பற்றிப் படித்திருக்கிறாள். அவை வேறு இனம். இவை இல்லை.

கணவன் கண்ணைக் கசக்கியது நினைவுக்கு வந்தது. நாற்காலி சாய, எழுந்தாள்.

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், யாரோ பட்டுத்துணியை மடித்து மடித்துப் பிரிப்பது போல ஓர் ஓசை. ஈரத் தூசியின் வாடை.

"ஏங்க... முழிச்சிருக்கீங்களா?"

"எப்பவோ முழிச்சாச்சு. உள்ள வா. கதவைச் சாத்திடு."

கதவைத் திறந்தாள். தடித்த திரை பகல் வெளிச்சத்தை அடைத்திருந்தது. விளக்கைப் போட்டாள்.

வெளிர்நீலச் சுவர் பழுப்பாக இருந்தது. கூரையும். பழுப்பு மூச்சு விட்டது.

அவன் மல்லாந்து படுத்திருந்தான். கண்களின் மேல் இறக்கைகள். அடுக்கடுக்காக. இமைகளைப் போல மூடித் திறந்தன. திறந்தபோது அடியில் கண்கள் இல்லை.

"வலிக்கலையா?" என்றாள்.

"முதல்ல கொஞ்சம் வலிச்சுது." அவன் முகம் அவள் பக்கம் திரும்பியது. "அழுறியா?"

அழுதுகொண்டிருந்தாள்.

"துடைச்சிடாதே" என்றான், கெஞ்சுவது போல. "என்கிட்ட தீர்ந்துபோச்சு."

ஓசை நின்றது.

சுவர் முழுவதும், ஒன்று விடாமல், அவள் பக்கம் திரும்பியது.