அரை வாட்

வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் வருமா, பஸ் நிற்குமா என்று கேட்பார்கள். யாழினி கேட்டது ஒன்றே ஒன்று: பக்கத்தில் நிட்டிங் மிஷின் ஓடுகிறதா? புரோக்கர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திருப்பூருக்கு வெளியே நொய்யல் ஓரத்தில், மூடிக்கிடக்கும் சாயப்பட்டறைகளுக்கு நடுவே ஒரு ஒற்றை வீட்டைக் காட்டினார். சுற்றிலும் ஒரு மோட்டார் சத்தம் கிடையாது. அவளும் அம்மா மருதம்மாளும் அடுத்த வாரமே குடிவந்தார்கள்.

வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கான ஹாம் ரேடியோவுக்கு அந்த அமைதி வேண்டும். ஊருக்குள் இருந்தவரை மிஷின்களின் இரைச்சலில் ரேடியோ அப்பளம் பொரிப்பதுபோல் பொரிந்துகொண்டே இருந்தது. அப்பா அர்த்தநாரியிடமிருந்து ஒட்டிக்கொண்ட பைத்தியம் இது. அவர் சாயப்பட்டறையில் எலக்ட்ரீஷியன். சோப்பு டப்பாவுக்குள் அடங்கும் ஒரு செட்டைத் தானே செய்து, வேலைக்குப் போகும்போதும் பையில் போட்டுக்கொள்வார். வெறும் அரை வாட். ஒரு டார்ச் லைட்டுக்குக்கூட அதைவிட அதிகம் வேண்டும். ஆனால் வானம் ஒத்துழைத்தால் அதிலேயே புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டி ஜப்பான்காரனைப் பிடித்துவிடுவார். மறுநாள் பட்டறை முழுக்க டீ வாங்கிக் கொடுப்பார்.

போன வருடம் ஒரு நாள் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. முதலாளி குமாரவேல் தேடி வந்து சொன்னார்.

"லூதியானாவுல நல்ல எடம் கெடச்சிருச்சுன்னு கெளம்பிட்டாருங்க. நாந்தேன் ரயில் ஏத்தி உட்டேன். ஊட்ல சொல்லலீங்களா?"

போலீசும் அதையே எழுதிக்கொண்டது. அப்பாவின் போன் அணைந்தே கிடந்தது. வடக்கே ஒருத்தியோடு இருக்கிறாராம் என்று தெருவே பேசியது. யாழினியும் நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை, வாய்விட்டுத் திட்டவும் திட்டினாள். மருதம்மாள் மட்டும் தினமும் பூ வைத்துக்கொண்டாள். வைக்கலாமா கூடாதா என்று சொல்ல அவளுக்கு ஆளில்லை. அந்த ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தாள்.

குடிவந்து சில நாட்களில், வெயில் தாழும் நேரம், அந்த சிக்னல் வந்தது.

மிக மெலிதாக. அப்பாவின் அழைப்புக் குறி, அவருக்கு மட்டுமே உரிய எழுத்துகள்.

மோர்ஸ் தட்டுவதில் ஒவ்வொரு கைக்கும் ஒரு நடை உண்டு. அர்த்தநாரி கடைசி எழுத்தை இழுத்து நிறுத்துவார். இதுவும் அப்படியே இழுத்து நின்றது. யாழினி மோர்ஸ் தட்டும் சாவியை இழுத்து வைத்துக்கொண்டாள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவது அவர்கள் வழக்கம்.

எங்கிருக்கீங்கப்பா?

வா கண்ணு.

லூதியானாவுலயா?

வா கண்ணு.

ஏனோ அறைக்குள் அழுகிய முட்டை வாடை அடித்தது. மருதம்மாள் ஆற்றைத் திட்டிக்கொண்டே ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகக் கேட்டாள்.

"உங்கப்பாதானா கண்ணு? உசுரோட இருக்கறாரா?"

"ஆமாம்மா. ரொம்பத் தொலவுல இருக்கறாரு. அதான் இத்தன சன்னமாக் கேக்குது."

மருதம்மாள் மறுநாள் இரண்டு முழம் கூடுதலாகப் பூ வாங்கினாள்.

அதன்பின் தினமும் அதே நேரம், அதே மெலிவு, அதே இரண்டு சொற்கள். ஜன்னலைச் சாத்தியும் வாடை வந்தது. யாழினி லூதியானாவுக்கு இரண்டு டிக்கெட் போட்டாள். மருதம்மாள் அவருக்குப் பிடித்த கச்சாயம் சுட்டுத் தூக்குப்போசியில் அடைத்தாள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், வெயில் இருக்கும்போதே, உடுமலையிலிருந்து அருள்செல்வன் போன் செய்தார். அவரும் ஹாம்காரர்.

"உங்க ரேடியோவுல ஏதாச்சும் கேக்குதுங்களா? சூரியன்ல பெரிய வெடிப்பாமாங்க. பேண்டே செத்துப்போச்சு. கொழும்புகூடக் கேக்கல."

யாழினி ரேடியோவைப் போட்டாள். உண்மைதான். மதுரை இல்லை, மங்களூர் இல்லை. உலகத்தில் ஒருவருமே இல்லாததுபோல் ஒரு வெறும் காற்றுச் சத்தம்.

அதற்கு நடுவே, வழக்கமான நேரத்துக்கு முன்பே, அப்பா வந்தார்.

நேற்றிருந்த அதே அளவில்.

தூரத்து சிக்னல் வானத்தில் பட்டுத்தான் இறங்கும். வானம் ஒரு நிலையில் நிற்காது. அதனால் அந்த சிக்னல் ஏறும், இறங்கும், சில நேரம் காணாமலே போகும். அப்பாவுடையது இத்தனை நாளில் ஒரு தடவைகூட ஏறி இறங்கவில்லை. மெலிதாக வந்தாலே தொலைவு என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். ஹாம்காரர்களுக்குத் தொலைவுதானே பெருமை. இன்று வானமே அடைத்துக் கிடக்கிறது. அப்படியானால் இது தரையோடு வருகிறது.

தரையோடு வரும் அரை வாட் அதிக தூரம் போகாது.

வா கண்ணு.

அவள் கையடக்க ரேடியோவில் கம்பி வளையம் ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்கினாள். வளையத்தைத் திருப்பத் திருப்ப, சிக்னல் வரும் திசைக்கு நேராக முகம் காட்டும்போது சத்தம் அடங்கும். அந்தத் திசையிலேயே நடந்தாள். பின்னாலேயே மருதம்மாள் வந்தாள். திசை நேரே குமாரவேலின் மூடிய பட்டறைக்குப் போனது. பட்டறைச் சாவி வைத்திருந்த காவல்காரி ஆயம்மாள் முனகிக்கொண்டே கேட்டைத் திறந்தாள்.

உள்ளே சாய வாடை. பிறகு அழுகிய முட்டை வாடை.

கழிவுநீர்த் தொட்டிமேல் போட்டிருந்த கான்கிரீட் பலகையை நெருங்க நெருங்க, இத்தனை நாள் மெலிந்திருந்த அப்பா காதைக் கிழிக்கிற மாதிரி தட்டினார்.

பலகைமேல் கால் வைத்ததும் நின்றுவிட்டது.

"இத எப்பங்க மூடுனாங்க?" என்றாள் மருதம்மாள்.

"உங்கூட்டுக்காரரு லூதியானா போனாருன்னாங்களே, அன்னைக்குத்தானுங்க. பட்டறையில வேல பாத்த இந்திக்காரப் பையன் ஒருத்தனும் அன்னைக்கே ஊருக்குப் போயிட்டானாமா," என்றாள் ஆயம்மாள்.

மருதம்மாள் பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

யாழினி போலீசிடம் ரேடியோவைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆயம்மாளைக் கூட்டிப்போய், தொட்டி மூடிய நாளைச் சொல்லவைத்தாள். பலகையை உடைத்துச் சேற்றில் பாதியை அள்ளுவதற்குள் அர்த்தநாரி கிடைத்தார். சட்டைப்பையில் டெஸ்டர். பாலித்தீன் கவருக்குள் சோப்பு டப்பா. பேட்டரி உப்பி வெடித்து, எப்போதோ பச்சை பூத்துப் போயிருந்தது. விஷவாயு என்று எழுதினார்கள். காணவில்லை என்று ஒரு புகார், அதற்கு ஒரு உடல், கணக்கு நேராகிவிட்டது. மீதிச் சேற்றை யாரும் அள்ளவில்லை. குமாரவேல் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டார். பெரிய மனிதர்களுக்கு அது சரியான நேரத்தில் வந்துவிடும்.

மருதம்மாள் யாரையும் தொடவிடாமல் தானே பூவை எடுத்தாள். யாழினி சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். கூப்பிடு தூரத்தில் கிடந்தவரை ஒரு வருடம் திட்டியிருக்கிறாள். அது அவளுக்கு ஆறவே ஆறாது.

காரியம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய முடிவானது. மொட்டைமாடிக் கம்பியை அவிழ்க்கும் முன், வெயில் தாழும் நேரம், யாழினி கடைசியாக ஒரு முறை ரேடியோவைப் போட்டாள்.

மெலிதாக ஒரு சிக்னல். ஏறவில்லை, இறங்கவில்லை.

அப்பாவின் கை இல்லை. எழுத்தே இல்லை. மோர்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத யாரோ, கையில் கிடைத்த சாவியை அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்குகிற சத்தம்.

அறைக்குள் அந்த வாடை வந்தது.

"உங்கப்பாவா கண்ணு?"

"இல்லம்மா."

"அப்ப ஆரு?"

யாழினி வளையத்தைத் திருப்பினாள். அதே திசை. ஆயம்மாள் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊருக்குப் போயிட்டானாமா. அப்பா எதற்காக அந்தத் தொட்டியில் இறங்கினார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மருதம்மாள் வெறும் நெற்றியோடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பையனோட அம்மாகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கறாங்களோ," என்றாள்.

யாழினி மோர்ஸ் சாவியில் விரலை வைத்து ஒரு முறை அமுக்கினாள்.

அந்தச் சத்தம் நின்றது. பிறகு அங்கிருந்து ஒரு முறை வந்தது.

அவள் இரண்டு முறை அமுக்கினாள்.

இரண்டு முறை வந்தது.