ஒலிப்பதிவில் ஒரு சிரிப்பு

“நிறுத்து அதை!”

ஒரு பெரியவரின் குரல்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்த டெலிஷா திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்து மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன், பல்கலைக்கழக நூலகத்தின் ஒலி அறை வாசலில் நின்றான். கண்கள்... அழுது அழுது காய்ந்த கண்கள்.

“எதுக்குக் கத்துற? நீ யாரு வீட்டுப் பிள்ள?”

“அந்தக் குரலோட பிள்ள. அப்பா போய் மூணு வாரமாச்சு... மூடி வைக்கச் சொல்லத்தான் வந்தேன்.”

அவள் சட்டென்று பதிவை அணைத்தாள். எங்கள் பழங்குடி வழக்கத்தில், வீட்டார் திறந்துவிடும்வரை இறந்தவர் பெயரைச் சொல்லக்கூடாது, குரலைக் கேட்கக்கூடாது. அவளும் எங்கள் ஜனம்தான், அவளுக்குத் தெரியாதா? ஆய்வு ஆய்வு என்று நான்கு சுவருக்குள் கிடந்தாள். சாவுச் செய்தி எட்டவில்லை. படிப்பு என்றால் அப்படித்தான்.

“மன்னிச்சிரு... தெரியாது.”

“பெரிய படிப்புக்காரி! செத்தவரை வச்சுப் பட்டம் வாங்குறியாக்கும்!”

கெல்வின், அதுதான் அவன் பெயர், போய்விட்டான்.

அவளுடைய ஆனர்ஸ் பட்ட ஆய்வே அந்தக் குரல்தான். காற்றை முகர்ந்து மழை சொல்லும் மனிதரின் பேச்சு. பத்து நாளில் கொடுக்க வேண்டும்.

“உயிரோட இருக்கும்போதே சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கார். அது போதும்” என்றார் பேராசிரியர். கையெழுத்து கிடைத்தால் ஆளே கிடைத்ததாக நினைக்கிற கூட்டம்!

“போதாது” என்றாள். ஆய்வைக் கொடுக்காமலே கைவிட்டாள்.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் கெல்வின் வந்து நின்றான். மழை விடவேயில்லை.

“திறக்க ரெண்டு வருஷம் ஆகும்னு அத்தை சொல்லிட்டாங்க. உன் பட்டம்?”

“போச்சு.”

“பைத்தியமா நீ? எங்கிட்ட ஒரு வார்த்தை...”

“கடிச்சுத் துப்பிட்டுப் போனியே, எங்க வந்து சொல்ல?”

அவன் தலை குனிந்தது. “தப்புதான்.”

“பட்டம் போனதுகூடப் பெரிசில்ல...”

“பின்ன?”

“அந்தப் பதிவுல அவர் பேசுறப்ப, பின்னாடி ஒருத்தன் சிரிப்பான். மீன் கைநழுவிப் போச்சுன்னு. ஒரு வருஷமா அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். யாருன்னே தெரியாம ஆசை வச்சிட்டேன்... அன்னிக்கு நீ பேசினதும் அது நீதான்னு தெரிஞ்சுபோச்சு.”

கெல்வின் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டான்.

“அப்பா போனப்புறம் நான் சிரிக்கவே இல்ல புள்ள.”

“தெரியுது. சிரிக்க வேணாம்... பக்கத்துல இருந்தா போதும்.”

பேருந்து வந்தது. கதவு திறந்து, காத்திருந்து, மூடிக்கொண்டது. இரண்டு பேரும் ஏறவில்லை.

“எனக்கும்” என்றான் கெல்வின், தரையைப் பார்த்தபடி. “உன்ன விட்டுப் போக மனசில்ல.”